எண்ணும் காலமும்: ஒலிமாற்றியின் வாயில்கள்

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் இன்று காணக்கூடிய இசைக்கருவித் தொகுதி எளியது. தொலைக்காட்சி ஒன்று, கணினி ஒன்று, ஆம்பிளிபையர் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு; இவற்றுக்கு நடுவே கைக்கு அடங்கும் சிறு பெட்டி ஒன்று. அச்சிறு பெட்டியே ஒலிமாற்றி. கடைக்காரர் அதனை டி.ஏ.சி. என்பர். எண்ணாக வரும் இசையை மின்னலையாக மாற்றி ஆம்பிளிபையருக்குக் கொடுப்பது அதன் தொழில். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் யு.எஸ்.பி. துளை ஒன்று, ஒளியிழைக்கு உரிய சதுரத் துளை ஒன்று, கோ-ஆக்சியல் கம்பிக்கு உரிய வட்டத் துளை ஒன்று என மூன்று வாயில்கள் தென்படும். மூன்றும் ஒரே பாட்டையே உள்ளே கொண்டு செல்லுமாயின் வாயில் மூன்று எதற்கு? எதன் வழியே சென்றால் பாட்டு நன்றாகக் கேட்கும்?

இவ்வினா வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. ஒரே நீளமுள்ள இணைப்புக் கம்பி சந்தையில் சில வெள்ளிக்கும் கிடைக்கின்றது. சில நூறு வெள்ளிக்கும் கிடைக்கின்றது. விலையுயர்ந்த கம்பியை மாட்டியதும் பாடகரின் குரல் தெளிந்தது, மிருதங்கத்தின் தொப்பி ஆழ்ந்து ஒலித்தது என்று இசைக்கருவி ஆர்வலர் சிலர் உறுதியாகச் சொல்வர். சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு அந்தச் சில நூறு வெள்ளி பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணமாகும். ஆதலின் அவர் கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அளந்து காண்பது தகும்.

கம்பியின் தரம் ஒலியின் தரத்தை மாற்றும் என்னும் எண்ணம் வேரற்றதன்று. அது பழைய பட்டறிவிலிருந்து வந்தது. 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரெடிப்யூஷன் சேவை வானலையை நம்பாமல் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து நிகழ்ச்சிகளைக் கொடுத்தது. அக்கம்பியில் ஓடியது ஒலியலையின் மின்வடிவமே. இசைத்தட்டுக் கருவியிலும் ஒலிநாடாக் கருவியிலும் அவ்வாறே. அலையே கம்பியில் ஓடும்போது, கம்பியில் புகும் இரைச்சல் யாவும் இசையோடு கலக்கும். அலையின் முனை மழுங்கினால் இசையின் முனையும் மழுங்கும். அந்தக் காலத்துச் செவி பெற்ற பாடம் சரியானதே. ஆனால் ஒலிமாற்றிக்குள் செல்லும் கம்பியில் ஓடுவது அலை அன்று, எண். அங்கே பழைய பாடம் அப்படியே பொருந்தாது.

1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அதில் ஒலியலையின் உயரம் ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால், அதாவது 0, 1 என்னும் இரு குறிகள் பதினாறு இடங்களில் நிற்கும் முறையால், எழுதப்படுகின்றது. பதினாறு இடங்களில் 65,536 படிகளைக் குறிக்க இயலும். இடம், வலம் என இரு வழிகளுக்கும் சேர்த்து ஒரு வினாடிக்கு 1,411,200 பிட்டுகள். கம்பியின் வேலை இக்குறிகளை மறுமுனைக்குச் சேர்ப்பது. மின்னழுத்தம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் ஒன்று, கீழ் இருந்தால் சுழி என்று பெறும் கருவி பிரித்துக்கொள்ளும். சிறிது மழுங்கி வந்தாலும் ஒன்று ஒன்றே. சிறிது இரைச்சல் ஏறி வந்தாலும் சுழி சுழியே.

ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் படி எடுத்த காலத்தை நினைத்தால் தமிழாசிரியர்க்கு இது எளிதில் புலனாகும். ஓர் ஏட்டில் எழுத்து அழகாக இருக்கும். மற்றோர் ஏட்டில் கோணலாக இருக்கும். எழுத்து இன்னதென்று தெரியும் வரையில் இரண்டிலிருந்தும் எடுக்கும் படி ஒன்றேதான். கோணல் கையெழுத்தால் பாட்டின் பொருள் மங்குவதில்லை. கோணல் மிகுந்து ஓரெழுத்தை மற்றோரெழுத்தாகக் கொள்ளும் நிலை வந்தால்தான் பிழை நேரும். அப்பொழுது நேர்வது மங்கல் அன்று, பாடபேதம். மின்னிலக்கக் கம்பியின் பிழையும் அத்தகையது. குறி மாறினால் 'டிக்' என்ற ஓசையோ, நொடிப்பொழுது மௌனமோ கேட்கும். குரல் சற்று இனிமை குன்றியது, வீணை சற்றுப் பின்னே போயிற்று என்னும் வகையான மாற்றம் எண் பிழையால் வருவதன்று. மேலும், தளை தட்டுவதைக் கொண்டு பாடம் பிழையென்று பதிப்பாசிரியர் உணர்வது போல, கோ-ஆக்சியல், ஒளியிழை வாயில்களில் ஒவ்வோர் அளவோடும் சரிபார்ப்புப் பிட் ஒன்று உடன் வருகின்றது. ஒரு குறி மாறினால் அது காட்டிக்கொடுக்கும்.

எண்கள் பிழையின்றிச் சேர்கின்றன என்பதற்கு வீட்டிலேயே சான்று உண்டு. திரைப்படங்களின் டால்பி டிஜிட்டல் ஒலி சுருக்கப்பட்ட வடிவில் இதே ஒளியிழை வழியே பல வீடுகளில் செல்கின்றது. சுருக்கெழுத்தில் ஒரு குறி பிழைத்தாலும் பொருள் பெரிதும் கெடுவது போல, சுருக்கிய ஒலியில் குறிகள் மாறினால் பெறும் கருவி அதனை ஏற்காமல் தடுமாறும். சில வெள்ளி பெறும் ஒளியிழையில் இரண்டரை மணி நேரப் படம் தடுமாற்றம் இன்றி ஒலிக்கின்றதென்றால், அவ்விழை எண்களைச் செவ்வனே சுமக்கின்றது என்பது தெளிவு.

இத்துடன் ஆராய்ச்சி முடிந்ததென்று சிலர் நின்றுவிடுவர். அது முறையன்று. எழுத்துச் சரியாக இருந்தால் மட்டும் செய்யுள் சரியாக ஒலிக்குமா? கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வகுத்தார் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் அளவு பிறழ்ந்தால், எழுத்தெல்லாம் ஏட்டில் உள்ளபடியே இருந்தும் ஓசை கெடும். மின்னிலக்க இசைக்கும் மாத்திரை உண்டு. 44,100 அளவுகளும் ஒரு வினாடியில் சம இடைவெளியில், ஏறத்தாழ 22.7 மைக்ரோ வினாடிக்கு ஒன்றாக, அலையாக்கப்பட வேண்டும். ஓர் அளவு சற்று முந்தியும் அடுத்தது சற்றுப் பிந்தியும் வெளிப்பட்டால், எண் சரியாக இருந்தும் அலையின் வடிவம் பிறழும். இதற்கு ஜிட்டர் என்று பெயர். தமிழில் கால நடுக்கம் எனலாம். வாயில்கள் தம்முள் வேறுபடும் முதல் இடம் இதுவே. தாளத்தைப் போடுபவர் யார் என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி.

கோ-ஆக்சியல், ஒளியிழை ஆகிய இரண்டிலும் தாளம் போடுவது அனுப்பும் கருவி. இரண்டிலும் ஓடும் மொழி ஒன்றே. சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் பெயரால் எஸ்.பி.டி.ஐ.எப். எனப்படும் அம்முறை, ஒலிபரப்பு நிலையங்களுக்கென 1985இல் வெளிவந்த ஏ.இ.எஸ். 3 என்னும் நெறியோடு உறவுடையது. அதில் ஒவ்வோர் அளவும் 32 இடங்கள் கொண்ட ஒரு சட்டத்தில் வைக்கப்படும். இசைக்கு 24 இடங்கள் வரை உண்டு. எஞ்சியவை அடையாளக் குறிகளும் சரிபார்ப்பும். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் ஒருமுறை மாறும். பிட் ஒன்றாயின் நடுவிலும் ஒருமுறை மாறும். இவ்வாறு எழுத்தும் தாளமும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று தழுவி வருகின்றன. பெறும் ஒலிமாற்றி அம்மாற்றங்களைப் பார்த்தே தன் கடிகாரத்தை ஓட்டிக்கொள்கின்றது. பக்கத்து வீட்டில் போடும் தாளத்தைச் சுவரின் வழியே கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் பாடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

சுவர் தடித்திருந்தால் தாளம் மழுங்கிக் கேட்கும். கம்பியிலும் அதுவே நிகழும். 1992இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்போர்டு ஆகிய இருவரும் ஒலிப்பொறியியற் கழக மாநாட்டில் படித்த கட்டுரை இதனை விளக்கியது. கம்பியின் வேக வரம்பு குறைந்தால், ஒரு மாற்றம் நிகழும் கணம் அதற்கு முன் சென்ற பிட்டுகளைப் பொறுத்துச் சிறிது தள்ளிப்போகும். அதனால் இசையின் எண்களே தாளத்தை அசைக்கும் நிலை உண்டாகும் என்பது அவர் கண்டது. கோ-ஆக்சியல் கம்பிக்கு 75 ஓம் என்னும் தன்மை விதிக்கப்பட்டிருப்பதும் இதன் பொருட்டே. அத்தன்மை முனையில் மாறினால் குறி எதிரொலித்துத் திரும்பி, வரும் குறியோடு மோதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களில் மலேசிய வீடுகளில் பரவியிருந்த விசிடி கருவியோடு வந்த மஞ்சள் நிறப் படக் கம்பி 75 ஓம் வகையைச் சேர்ந்தது. பெட்டியில் தூசு படிந்து கிடக்கும் அக்கம்பி கோ-ஆக்சியல் வாயிலுக்கு ஏற்றது. புதிதாக வாங்க வேண்டியதில்லை.

ஒளியிழை 1983இல் தோஷிபா நிறுவனத்தால் குறுந்தட்டுக் கருவிகளுக்கென உருவாக்கப்பட்டது. டாஸ்லிங்க் என்னும் பெயர் அதனால் வந்தது. மின்னுக்கு மாறாகச் சிவப்பு ஒளி, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையில் மின்னி மின்னிச் செல்கின்றது. மின்னை ஒளியாக்கி, ஒளியை மீண்டும் மின்னாக்கும் இரு மாற்றங்களிலும் குறியின் விளிம்பு சற்று மழுங்கும். ஆதலின் கால நடுக்கத்தை மட்டும் அளந்தால் ஒளியிழை பெரும்பாலும் கோ-ஆக்சியலுக்குப் பின்னே நிற்கும். வினாடிக்கு 96,000 அளவுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை ஏற்பதிலும் சில ஒளியிழை வாயில்கள் தடுமாறும். ஒளியிழை ஆர்வலரிடையே பெற்ற குறைப்பெயருக்கு இவையே காரணம்.

யு.எஸ்.பி. வேறு குடும்பம். 1996இல் கணினிக்காகத் தோன்றிய அவ்விணைப்பில் எண்கள் தொடர்ச்சியாக ஓடுவதில்லை, பொதிபொதியாகச் செல்கின்றன. பழைய வேகத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒரு பொதி. 44,100 அளவுகளை ஆயிரம் பொதிகளில் பகிர்ந்தால் பொதிக்கு 44.1 வருகின்றது. அளவைப் பின்னமாக்க இயலாதாகையால், ஒன்பது பொதிகளில் 44 வீதமும் பத்தாவதில் 45ஆகவும் கட்டி அனுப்புவர். தொடக்ககால ஒலிமாற்றிகள் பல, பொதி வரும் வேகத்தைப் பார்த்துத் தம் கடிகாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. கணினியின் தாளமோ இசைக்காகப் போட்ட தாளம் அன்று. யு.எஸ்.பி. ஒலிக்கு ஒரு காலத்தில் இருந்த கெட்ட பெயர் இதனால் வந்தது.

பின்னர்ப் பரவிய 'அசிங்க்ரனஸ்' முறை இதனைத் தலைகீழாக்கியது. தாளம் போடும் உரிமை ஒலிமாற்றிக்கே வந்தது. ஒலிமாற்றிக்குள், அலை உருவாகும் இடத்தருகிலேயே, குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் நிற்கின்றது. பல கருவிகளில் 44,100இன் மடங்குகளுக்கு ஒன்றும் 48,000இன் மடங்குகளுக்கு ஒன்றுமாக இரண்டு படிகங்கள் உண்டு. வரும் எண்கள் ஒரு சிறு தேக்கத்தில் சேர்கின்றன. படிகத்தின் தாளத்துக்கு ஏற்ப அங்கிருந்து எடுக்கப்படுகின்றன. தேக்கம் குறைந்தால் சற்று மிகுத்து அனுப்பு, நிரம்பினால் சற்றுக் குறைத்து அனுப்பு என்று ஒலிமாற்றி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பொதி முந்தினும் பிந்தினும் தாளத்துக்கு நேர்வது ஒன்றும் இல்லை. தேக்கம் வற்றாதிருந்தால் போதும். கால ஒழுங்கை மட்டும் கருதினால் இம்முறையே மூன்றிலும் மேலான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும்: கணினியிலிருந்து அச்சுக்கருவிக்குச் செல்லும் பொதி கெட்டால் மீண்டும் அனுப்பப்படும், இசைப்பொதி கெட்டால் மீண்டும் அனுப்பப்படுவதில்லை, காலம் கடந்துவிடுமாகையால். நல்ல நிலையிலுள்ள குறுகிய கம்பியில் அது அரிதினும் அரிது.

இனி, இந்நடுக்கத்தின் அளவு என்ன? செவி அதை உணருமா? இங்கேதான் விற்பனை விளம்பரங்கள் பேசாமல் விடும் பகுதி உள்ளது. கால நடுக்கத்தை நானோ வினாடியால் அளப்பர். அது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்கு வழியே பார்த்தால், 20,000 ஹெர்ட்சில் முழு வலிமையுடன் ஒலிக்கும் ஒரு தூய ஒலியில், 16 பிட்டின் அரைப்படி அளவு பிழைகூட நேராதிருக்க நடுக்கம் ஏறத்தாழ 0.12 நானோ வினாடிக்குள் இருக்க வேண்டும். இவ்வெண்ணைக் காட்டி அச்சுறுத்துவது எளிது. ஆனால் அவ்வளவு உயர்ந்த சுருதியில் முழு வலிமையுடன் எந்த நாதசுரமும் ஒலிப்பதில்லை; அதனைக் கேட்கும் செவியும் வயது முதிர்ந்தோரிடம் இல்லை.

செவியைக் கொண்டே செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. 1998இல் எரிக் பெஞ்சமின், பெஞ்சமின் கானன் ஆகிய இருவரும் வேண்டுமென்றே நடுக்கத்தைச் சேர்த்து இசையைக் கேட்கச் செய்தனர். இசையில் அதனை உணரக் குறைந்தது 20 நானோ வினாடி அளவு தேவைப்பட்டது. தூய ஒற்றை ஒலியில் 10 நானோ வினாடி வரை உணர்ந்தனர். 2005இல் ஜப்பானில் அஷிஹாரா முதலியோர் ஒழுங்கற்ற நடுக்கத்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற செவிகளுக்கும் பல நூறு நானோ வினாடி வேண்டியிருந்தது. இன்றைய நல்ல ஒலிமாற்றிகளில் எந்த வாயில் வழியே வந்தாலும் எஞ்சும் நடுக்கம் பெரும்பாலும் ஒரு நானோ வினாடிக்கும் குறைவு. உள்ளே வரும் தாளத்தின் அசைவுகளைத் தணித்து மெல்ல மெல்லப் பின்பற்றும் சுற்றுகள் இப்போது சிறு கருவிகளிலும் உள்ளன. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியொன்றில் ஒரு நானோ வினாடி ஊசலால் தோன்றும் துணையொலி, மூல ஒலியினும் ஏறத்தாழ 90 டெசிபல் தாழ்ந்து நிற்கும். ஆகவே 1992இல் எழுப்பப்பட்ட ஐயம் அறிவுக்கு ஒத்தது. பொறியாளர் அதற்கு விடையும் கண்டுவிட்டனர். கம்பி விற்போர் மட்டும் அவ்வையத்தை இன்னும் உயிரோடு வைத்துள்ளனர்.

அங்ஙனமாயின் மூன்று வாயில்களும் ஒரே தன்மையவா எனின், இல்லை. நானோ வினாடியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறக்கும் வேறொரு வேற்றுமை உண்டு. அது எந்தச் செவிக்கும் கேட்கும். மேசைக் கணினியை யு.எஸ்.பி. வழியே இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்னும் உறுமல் எழுவதைப் பல வீடுகளில் காணலாம். சில வேளை, சுட்டியை நகர்த்தினால் கிறீச்சென்ற மெல்லொலியும் உடன் வரும். எண்களில் பிழை இல்லை. தாளத்திலும் பிழை இல்லை. பின் இது எங்கிருந்து வந்தது?

யு.எஸ்.பி. கம்பியில் எண்களைச் சுமக்கும் இழைகளோடு 5 வோல்ட்டு மின்சாரம் தரும் இழையும் அதன் திரும்புபாதையும் உள்ளன. கோ-ஆக்சியல் கம்பியிலும் வெளியுறை உலோகமே. இவற்றால் இரு கருவிகளின் உலோக உடல்கள் மின்வழியில் ஒன்றாகின்றன. கணினி தன் மூன்றுமுனைச் செருகியால் சுவரின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஆம்பிளிபையர் வேறொரு செருகியாலோ, கூரைமேல் நிற்கும் அஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கம்பியாலோ மற்றொரு வழியில் நிலத்தோடு இணைந்திருக்கும். இவ்வாறு ஒரு வளையம் உருவாகின்றது. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்சில் ஊசலாடுவது. அவ்வூசலின் கசிவு வளையத்தில் சுற்றிவந்து, ஒலிமாற்றியிலிருந்து ஆம்பிளிபையருக்குச் செல்லும் அலைக்கம்பியில் புகுந்து உறுமலாகின்றது. கணினியின் உள்ளே நிகழும் மின் சலசலப்பும் அவ்வழியே வருகின்றது. அலை ஓடும் பகுதிக்குப் பழைய பாடம் பொருந்தும் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

ஒளியிழையின் சிறப்பு இங்கே வெளிப்படுகின்றது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. கணினிக்கும் ஒலிமாற்றிக்கும் இடையே ஒளி மட்டுமே செல்வதால் வளையம் அறுபடுகின்றது. கால நடுக்கத்தில் பின்தங்கிய வாயில், வீட்டின் உண்மையான தொல்லைக்கு மருந்தாக முன் நிற்கின்றது. உறுமல் எழும் வீட்டில் முதலில் தட்டுக் கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். மடிக்கணினியாயின் மின்னூட்டியைப் பிடுங்கி மின்கலத்தில் ஓட்டிப் பார்க்கலாம். உறுமல் நின்றால் காரணம் வளையமே. அதன்பின் ஒளியிழைக்கு மாறுவது போதும். கணினியில் ஒளியிழைத் துளை இல்லையேல், யு.எஸ்.பி. வழியில் மின்தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி விற்கின்றது. செய்யவே கூடாத ஒன்று உண்டு. செருகியைத் திறந்து எர்த் கம்பியை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும் என்று சிலர் வழி சொல்வர். நிற்கும்தான். ஆனால் கருவிக்குள் கோளாறு நேரும் நாளில் அதன் உலோக உடலில் ஏறும் மின்சாரம், வெட்டுண்ட கம்பிக்குப் பதிலாகத் தொடுபவர் உடல் வழியே நிலத்துக்கு இறங்கும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அந்த மௌனத்துக்கு விலை மிக அதிகம்.

வேறு வாயில்களும் உண்டு. மூன்று முனைகளுடைய ஏ.இ.எஸ். வாயில் 110 ஓம் இரட்டைக் கம்பியில் ஓங்கிய மின்னழுத்தத்தோடு செல்வது. நெடுந்தொலைவு கம்பி இழுக்கும் பதிவுக்கூடங்களுக்கு உரியது, கூடத்தில் ஒரு மீட்டர் தொலைவுக்கு அதனால் தனிப்பயன் இல்லை. தொலைக்காட்சியோடு 2009 முதல் வந்த எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு, ஒலியளவைத் தொலைக்காட்சியின் கைக்கருவியாலேயே மாற்ற உதவும் வசதிக்காகப் பலரால் விரும்பப்படுகின்றது.

வாயிலை மாற்றியதும் ஒலி மாறியதாகச் சொல்வோர் அனைவரையும் மனமயக்கம் என்று தள்ளிவிடுதலும் முறையன்று. பல வேளைகளில் ஒலி மெய்யாகவே மாறியிருக்கும். ஆனால் மாற்றியது கம்பி அன்று, அனுப்பும் கருவி. கணினி தன்னிடமுள்ள எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும்போது 44,100இல் உள்ள பாட்டை 48,000ஆக மாற்றி அனுப்புவதுண்டு. தொலைக்காட்சிகள் பல தம் ஒளியிழை வாயிலில் எதனையும் 48,000ஆகவே கொடுக்கும். ஒலியளவுக் குமிழ் ஒரு வாயிலுக்கு முழு அளவிலும் மற்றொன்றுக்குத் தாழ்ந்தும் இருக்கலாம். ஒரு டெசிபல் உரத்து ஒலிப்பதைச் செவி 'உரப்பு' என்று கொள்வதில்லை. 'தெளிவு' என்றே கொள்ளும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கடையில் நடக்கும் ஒப்பீடுகளில் பாதி விளங்கிவிடும்.

ஆதலின் சோதிக்க விரும்புவோர் இரு வாயில்களின் ஒலியளவையும் கருவியால் அளந்து சமமாக்கிக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒருவர் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி வாயிலை மாற்ற, மற்றவர் பாராமல் கேட்டு, எது எதுவெனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். 16 முறை கேட்டால் வெறும் ஊகத்தாலேயே சராசரி 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 4க்கும் குறைவு; அப்பொழுது வேற்றுமையை அவர் கேட்டார் என்று ஏற்கலாம். மூன்று முறை கேட்டு மூன்றும் சரியென்று மகிழ்வது பயன்படாது. எட்டுப் பேரில் ஒருவருக்கு அது தற்செயலாகவே வாய்க்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர் நிகழ்தகவுப் பாடத்தோடு இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு பிற்பகல் போதும்.

கேட்கும் இடத்தையும் மறக்கலாகாது. கம்போங் மேடான் அருகே 2004இல் திறக்கப்பட்ட புதிய பந்தாய் விரைவுச்சாலை ஓடுகின்றது. கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் கொமுட்டர் தொடர்வண்டி நின்று போகின்றது. சன்னலைத் திறந்தால் வாகன இரைச்சல். மூடினால் மின்விசிறியின் இரைச்சல். 16 பிட்டின் நுண்மை 96 டெசிபல் என்பர். அவ்வளவையும் கேட்கும் அமைதி அங்கு நள்ளிரவிலும் அமைவதில்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுப்பதும், வெறுந்தரையில் பாய் விரிப்பதும், சன்னலுக்குக் கனத்த திரை இடுவதும் எந்தக் கம்பியினும் மிகுந்த மாற்றம் தரும். கேட்கும் பதிவும் அத்தகையதே. 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவில் கேட்போர் இன்றும் பலர். அத்தட்டின் கரகரப்பு, ஒலிமாற்றியின் எந்தக் குறையினும் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. அதனைக் கடந்தும் அந்த நாதசுரம் நெஞ்சைத் தொடுகின்றது.

கணினியிலிருந்து கேட்போர், உறுமல் இல்லையாயின், யு.எஸ்.பி. வாயிலையே கொள்ளலாம், எல்லா வகைப் பதிவுகளையும் அது ஏற்கும், தாளமும் ஒலிமாற்றியின் கையில் இருக்கும். தொலைக்காட்சிக்கும் தட்டுக் கம்பி புகும் பெட்டிக்கும் ஒளியிழை தக்கது. பழைய குறுந்தட்டுக் கருவியை வைத்திருப்போர்க்குக் கோ-ஆக்சியல் துளை இருந்தால் மஞ்சள் கம்பியே போதும். ஒளியிழை வாங்குவோர் கடைக்குத் திரும்பி ஓடுமுன் ஒன்றைக் கவனிக்க. புதிய இழையின் இரு முனைகளிலும் தூசு படாதிருக்கச் சிறு பிளாஸ்டிக் மூடி செருகப்பட்டிருக்கும். நிறமற்ற மூடியாயின் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனைக் கழற்றாமல் மாட்டினால் இழை துளையில் முழுதும் அமராது, ஒலியும் வாராது. மூடியைக் கழற்றி, மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிகின்றதா என்று உள்ளங்கையில் காட்டிப் பார்த்து, கூர்மையாக வளைக்காமல் செருகினால் பாட்டு கேட்கும்.